சிவப்புக்கு மேல் நிறமில்லை: நெல்லை, தூத்துக்குடி மழை நாட்கள்

டிசம்பர் 16, 2023, சனி. பாளையங்கோட்டை

நெல்லை எக்ஸ்பிரஸ் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஜங்ஷனில் இறங்கும்போது வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. மகாராஜநகரில் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். நாளை மார்கழி பிறக்கிறது. காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி என்று நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களில் முடிந்தவரை பார்த்துவிட்டு, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை வழியாகத் திருச்செந்தூர் போய்த் தங்குவது. திங்கள்கிழமை காயல்பட்டினம் கடற்கரை. பெரியம்மா மகன் கார் ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான், வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் வடியாமல் நின்ற தண்ணீரைப் பார்த்த பிறகு, நானும் சென்னைக்காரர்கள் எல்லாரையும் போலக் காலையில் காபிக்கு முன்னால் வானிலை அறிக்கை படிக்கிற ஆளாகிவிட்டேன்.

படிக்கப் படிக்கக் கொஞ்சம் பிடிபடுகிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21 செ.மீ. தொட்டால் அதி கனமழை. நிறங்கள் இவற்றோடு ஒட்டிப் போகின்றன என்றாலும், மழை அளவுக்கு மட்டும் தருகிற மதிப்பெண் இல்லை அது. ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு என்று அதிகாரிகளுக்குச் சொல்வது.

மேலடுக்குச் சுழற்சியில் ஒரு சங்கடம் இருக்கிறது. புயல் என்றால் பெயர் இருக்கும், வரைபடத்தில் கோடு இருக்கும், எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கரையைக் கடக்கும் என்று டிவியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சுழற்சிக்குப் பெயரும் கிடையாது, கரை கடப்பதும் கிடையாது. காற்றும் பெரிதாக அடிக்காது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ஓரிடத்தில் குவித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். நிற்கிற வரைக்கும் பெய்யும். ஜன்னல் கண்ணாடி உடையாத, மரம் சாயாத மழைக்கு யாரும் கடைக்குப் போய் மெழுகுவத்தி வாங்கி வைப்பதில்லை.

பெரியப்பாவிடம் ஆரஞ்சு பற்றிச் சொன்னேன். பேப்பரைத் திருப்பி அணைகளின் நீர்மட்டம் போட்டிருக்கும் கட்டத்தைக் காட்டினார். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ராசிபலனுக்கு முன்னால் இதுதான். நிரம்பினால் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்பது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

“எய்யா, ஒன் செல்லுல வர்ற கலரெல்லாம் மெட்ராஸுக்கு. இங்க அணையத் தொறந்தாத்தான் வெள்ளம். தொறக்கதுக்கு முன்னால தண்டோரா போட்டிருவான்.”

அவருக்கு 1992 நவம்பர் கண்ணில் நிற்கிறது. மலையில் கொட்டிய மழையும் அணையிலிருந்து வந்த தண்ணீருமாகத் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த வருடம். அதற்குப் பிறகு இந்த ஊர் பயப்பட வேண்டுமென்றால் மேற்கே திரும்பிப் பொதிகை மலையைப் பார்க்கும்.

டிசம்பர் 17, ஞாயிறு. பாளையங்கோட்டை

போகவில்லை.

விடியும்போதே ஓடு மேல் சரளைக்கல்லைக் கொட்டுகிற சத்தம். பெரியம்மா குடை பிடித்துக்கொண்டு வாசலில் கோலம் போட முயற்சி செய்து, இரண்டாவது இழையிலேயே மாவு கரைந்து ஓட, நடையில் சின்னதாகப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். அண்ணன் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற சிநேகிதருக்கு போன் போட்டார். “இன்னைக்கு வராதிய, வந்தா திரும்ப முடியாது” என்று பதில் வந்தது. அவ்வளவுதான், நவதிருப்பதி ஒத்திப் போட்டாயிற்று.

மழையை அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. மொட்டைமாடியில் கிடந்த 10 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கழுவி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி வைத்து, மேலே எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொண்டு, காலை எட்டரைக்குத் தொடங்கினேன். எட்டரை என்பதற்குக் காரணம் உண்டு. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. கணக்கில் முடிகிற நாளின் தேதி விழும். பேப்பரில் “18ஆம் தேதி மழை” என்று வருவது பெரும்பாலும் இன்று பெய்கிற மழைதான்.

மதியம் மழை கொஞ்சம் இடைவெளி விட்ட நேரத்தில் அண்ணனும் நானும் வண்ணாரப்பேட்டை போய் சுலோச்சனா முதலியார் பாலத்தில் நின்றோம். 1843இல் கட்டிய பாலம். ஆறு செம்மண் நிறத்தில் பாய்கிறது, ஆகாயத்தாமரை கொத்துக்கொத்தாக வருகிறது, ஆனால் பயப்படுகிற மாதிரி இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் குறுக்குத்துறை மண்டபத்தைப் பற்றிக் கேட்டார். இது நெல்லைக்காரர்களின் அளவுகோல். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் அது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் கோயிலில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று கேட்டுத்தான் இங்கே வெள்ளத்தைப் பேசுவார்கள். கன அடிக் கணக்கு எல்லாம் மறுநாள் பேப்பரில் வருவது.

சாயங்காலம் மழை மறுபடி பிடித்தது. இது வேறு மாதிரி. விட்டு விட்டுப் பெய்கிற பேச்சே இல்லை. ஒரே வேகம், ஒரே சத்தம், மணிக்கணக்காக. நிறம் சிவப்பாகிவிட்டது. நான்கு மாவட்டங்களிலும் நாளை பள்ளி, கல்லூரி விடுமுறை என்று அறிவிப்பு. பெரியப்பா மட்டும் இன்னும் அணையைப் பற்றியே போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறார். “தொறந்துட்டானா? எவ்வளவு?”

இரவு பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வாளியில் பாதிக்கு மேல். மின்சாரம் இப்போது போய்விட்டது. போனில் இருக்கிற சார்ஜில் இதை ஏற்றிவிடுகிறேன்.

டிசம்பர் 18, திங்கள். பாளையங்கோட்டை

(இதை நோட்டில் எழுதி வைக்கிறேன். சிக்னல் கிடைக்கும்போது ஏற்ற வேண்டும்.)

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எப்போது நிரம்பியது, எவ்வளவு வழிந்தது என்று சொல்ல வழியில்லை. வாளி உயரத்துக்கு மேல் என்பதுதான் என் அளவு.

எங்கள் தெரு மேடு. முழங்கால் தண்ணீரோடு தப்பித்தோம். ஜங்ஷன் பக்கம் அப்படியில்லை. பேருந்து நிலையம் மூழ்கிவிட்டது, மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் ஆறாகிவிட்டன, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர் என்று பால்காரர் சொல்லிப் போனார். பால்காரர் என்று சொல்கிறேனே தவிர, அவரிடம் பால் இல்லை. பால் வராது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மரியாதைப்பட்ட மனுஷன்.

கிரைண்டர் ஓடாது. பெரியம்மா புழக்கடையிலிருந்த ஆட்டுக்கல்லைக் கழுவி உளுந்து போட்டார். நான் கொஞ்ச நேரம் ஆட்டினேன். தோள்பட்டை இப்போதும் ஞாபகப்படுத்துகிறது. போனை காரில் சொருகி சார்ஜ் ஏற்றுகிறோம். பத்து மணிக்கு மேல் மாடியின் வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வந்தது. அந்த மூலையில் தெருவே வந்து நின்றது.

அங்கே நின்றபடிதான் எண்கள் வந்தன.

காயல்பட்டினம் 95 செ.மீ. முதலில் யாரோ 9.5ஐத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த வரியில் திருச்செந்தூர் 69. ஸ்ரீவைகுண்டம் 62. மூலைக்கரைப்பட்டி 62. மாஞ்சோலை 55. கோவில்பட்டி 53. எல்லாம் ஒரே நாளில். முதல் மூன்றும் நாங்கள் நேற்றும் இன்றும் போக இருந்த ஊர்கள், வரிசை மட்டும் தலைகீழ்.

தூத்துக்குடி மாவட்டம் மழைக்குப் பெயர் போன மாவட்டம் இல்லை. உப்பளமும் பனையும் உடைமரமும் இருக்கிற சீமை. வருடம் முழுவதும் சேர்த்துப் பெய்கிற சராசரி மழையைவிட அதிகமாக ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்திருக்கிறது. கோவில்பட்டி கரிசல் காடு. அங்கே 53 செ.மீ. மழைக்கு ஓடையும் கிடையாது, பழக்கமும் கிடையாது.

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். காயல்பட்டினத்தில் ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி இருந்தால் அதன் மேல் மட்டும் சுமார் 88 ஆயிரம் லிட்டர் விழுந்திருக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்து ஒரு வீட்டு மாடியில் கொட்டிவிட்டுப் போனாலும் இன்னும் மிச்சம் இருக்கும். ஒரு வீட்டுக்கு இது. ஊருக்கு?

மனதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது இன்னொரு விஷயம். சிவப்போடு ஒட்டி வருகிற அதி கனமழை 21 செ.மீ.யில் தொடங்குகிறது. மேலே எல்லையே இல்லை. 22 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 95 பெய்தாலும் அதி கனமழை. 22க்கு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கலாம். 95க்கு ஊரைக் காலி செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே நிறம் காட்டினால், பார்க்கிறவர் தனக்குத் தெரிந்த பழைய மழையைத்தான் நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா பட்டியலை இரண்டு முறை கேட்டார். “மூலைக்கரைப்பட்டிலயா? அங்க எந்த அணை இருக்கு?” என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய். திருநெல்வேலி

நேற்றைய பதிவும் இன்றையதும் சேர்த்து ஏறுகின்றன. மழை குறைந்துவிட்டது. சுழற்சி மேற்கே நகர்கிறது என்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை வரை நடந்து போனோம். பாலத்தின் மேல் கூட்டம் கூட விடாமல் போலீஸ்காரர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஆறு இல்லை இது. கரையோரக் கடைகளின் ஷட்டரில் தண்ணீர் நின்ற கோடு என் மார்பு உயரத்தில் இருக்கிறது. ஒரு மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து டப்பா டப்பாவாக எடுத்து வெளியே எறிகிறார். ஜவுளிக்கடை ஒன்றில் சேலைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் நீளநீளமாக விரித்துப் போட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு வாங்கிப்போட்ட சரக்கு.

ஊரெல்லாம் இன்று பேசியது செந்தூர் எக்ஸ்பிரஸ் பற்றி. ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். செய்துங்கநல்லூருக்குப் போகிற வழியில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லி முழுக்க அரித்துக்கொண்டு போய்விட்டது. இருட்டில், அந்த மழையில், வண்டியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் பெட்டிகளிலும் ஸ்டேஷனிலுமாகச் சுற்றிலும் தண்ணீரோடு கிடந்திருக்கிறார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அடுத்த வேளைக்கு என்ன இருந்திருக்கும்? ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டார்கள். இன்றுதான் எல்லாரையும் வெளியே கொண்டுவந்து வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அனுப்புகிறார்கள்.

வானிலை அறிக்கையைப் பற்றிய சண்டையும் ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லை, சிவப்பு தாமதமாக வந்தது என்று மாநில அரசு. முன்கூட்டியே எச்சரித்தோம் என்று வானிலைத் துறை. எனக்கென்னவோ இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான் என்று தோன்றுகிறது. எச்சரிக்கை வந்தது, நான் சனிக்கிழமையே படித்தேன். 95 என்று அதில் இல்லை, அதுவும் உண்மை. ஒரு மாவட்டத்தின் மேல் அதி கனமழை என்று கணினி மாதிரிகள் காட்டலாம். அது காயல்பட்டினத்திலா, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள்ளா என்று காட்டுவது வேறு விஷயம். மழை தொடங்கிய பிறகு மணிக்கு மணி பின்தொடர ராடார் வேண்டும். காரைக்கால் ராடார் திருச்செந்தூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பூமி வளைவதால் அவ்வளவு தூரத்தில் ராடாரின் கதிர் மேகத்தின் தலையைத்தான் தொடும், மழை கொட்டுகிற வயிற்றை இல்லை. திருவனந்தபுரம் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மன்னார் வளைகுடாக் கரைக்கென்று ஒரு ராடார் இந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல நிபுணராக இருக்க வேண்டியதில்லை, வரைபடத்தைப் பார்த்தால் போதும்.

ஆனால் மாநில அரசின் வாதத்தில் ஓர் இடம் எனக்கு ஒப்பவில்லை. 21 செ.மீ.க்கு மேல் என்று சொன்னாலே தாழ்வான இடத்து ஜனங்களை எழுப்பி மேட்டுக்குக் கொண்டுபோக அது போதும். 95 என்று சொன்னால்தான் செய்வோம் என்றால், அந்த எண்ணை எந்த ஊர் வானிலை மையமும் முதல் நாளே சொல்லப் போவதில்லை.

டிசம்பர் 20, புதன்

வெயில். தெரு முழுக்க மெத்தை, தலையணை, பீரோ. மின்சாரம் மதியம் வந்தது. அண்ணியின் பிறந்த வீடு தூத்துக்குடி. இன்றுதான் போன் கிடைத்தது, எல்லாரும் மாடியில் பத்திரம். தூத்துக்குடி நகரத்தில் வந்தது தாமிரபரணித் தண்ணீர் இல்லையாம். கோவில்பட்டிப் பக்கம் பெய்த மழை ஓடை ஓடையாகத் தெற்கே இறங்கி, கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்திருக்கிறது. அங்கே பெய்த மழைக்கு இங்கே ஏன் வெள்ளம் என்று தெருவில் ஒருவருக்கும் புரியவில்லையாம். நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச்சாலையும் அந்தோணியார்புரம் பக்கம் அறுந்துவிட்டதால் போய்ப் பார்க்கவும் முடியாது.

டிசம்பர் 21, வியாழன். செய்துங்கநல்லூர், புதுக்குடி

அண்ணனின் காலனிக்காரர்கள் ஒரு வேனில் அரிசி, பிஸ்கட், தண்ணீர் கேன், மெழுகுவத்தி, பெண்களுக்கான நாப்கின் எல்லாம் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் கிளம்பினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன்.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் பச்சை நிறம் நின்றுபோகிறது. இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வாழையும் நெல்லும்தான் எப்போதும். வாழைத்தோட்டம் முழுவதும் ஒரே திசையில் படுத்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். படுத்த திசையைப் பார்த்ததும் அண்ணன்தான் முதலில் கவனித்தார். “ஆறு அந்தப் பக்கம்லா இருக்கு. இது இந்தப் பக்கத்துல இருந்துல்லா வந்திருக்கு.”

ஒரு டீக்கடை வாசலில் வேன் நின்றபோது அங்கிருந்த பெரியவரிடம் கேட்டோம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“ஆத்துத் தண்ணி பொறவுதான் வந்துச்சு. மொதல்ல வந்தது குளத்துத் தண்ணி. மேலக்குளம் மறுகால் பாஞ்சு நிக்கி, ராத்திரி ஒம்பது மணி இருக்கும், கர பொத்துக்கிட்டு. அந்தத் தண்ணி நேர அடுத்த குளத்துல போய் விழுது. அது தாங்குமா? அதுவும் போச்சு. அப்பொறம் எந்தக் குளம், எந்த வயல், எந்த வீடுன்னு இல்ல.”

நெல்லைச் சீமையின் பாசனம் அப்படிக் கட்டப்பட்டது. ஆற்றில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து கால்வாய்கள், கால்வாய்களில் சரம் சரமாகக் குளங்கள். ஒன்றின் மறுகால், அதாவது நிரம்பி வழிகிற தண்ணீர், அடுத்ததன் வரத்து. நூற்றாண்டுகளாகத் தண்ணீரைச் சேமித்துக் கொடுத்த அதே சரம், 62 செ.மீ. தலைக்கு மேலேயே விழும்போது ஒன்றை ஒன்று தள்ளிவிடுகிறது. மலைத் தண்ணீரை அணை தடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கதவு இருக்கிறது, கதவைத் திறக்க ஓர் இன்ஜினியர் இருக்கிறார், திறக்குமுன் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அணைக்குக் கீழே பாளையங்கோட்டையிலும் மூலைக்கரைப்பட்டியிலும் பெய்ததற்கும், சிவலப்பேரியில் வந்து சேர்கிற சிற்றாற்றுத் தண்ணீருக்கும் எந்தக் கதவும் இல்லை. ஊரே பாபநாசம் எவ்வளவு, மணிமுத்தாறு எவ்வளவு என்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் கிழக்கே, அவர்கள் தலைக்கு மேல் இருந்தது. வானிலை அறிக்கையை மாவட்டம் மாவட்டமாகச் சொல்வதோடு, இந்த மழை அணைக்கு மேலே விழுமா கீழே விழுமா என்று ஒரு வரி சேர்த்தால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது நூறு நிறத்துக்குச் சமம். பெரியப்பா போன்றவர்கள் அந்த வரியைக் கண்டிப்பாகப் படிப்பார்கள்.

புதுக்குடிக்கு முன்னால் ரயில் பாதை தெரிகிற இடத்தில் இறங்கிப் பார்த்தோம். தண்டவாளம் இருக்கிறது, சிலீப்பர் கட்டைகள் அதில் தொங்குகின்றன, கீழே ஒன்றுமில்லை. மண் இருந்த இடத்தில் ஓர் ஆள் குனியாமல் நடந்து போகலாம். பக்கத்தில் ஜே.சி.பி. வந்து நிற்கிறது, வேலை தொடங்கியிருக்கிறது.

புதுக்குடியில் சாமான்களை இறக்கினோம். ஒரு வீட்டுத் திண்ணையில் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு, பட்டா நகல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்து ஓர் அக்கா காயவைத்துக்கொண்டிருந்தார். பட்டாவின் மை கலங்கி ஊதாவாகப் பரவியிருந்தது. சர்வே நம்பரின் கடைசி இலக்கம் மட்டும் தெளிவில்லை. “தம்பி, இது என்ன எண்ணுன்னு தெரியுதா பாரும்” என்று என்னிடம் நீட்டினார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 3ஆகவும் இருக்கலாம், 8ஆகவும் இருக்கலாம். போனில் பெரிதாக்கியும் பார்த்தோம். 8 என்றுதான் படுகிறது என்றேன். தாலுகா ஆபீஸில் நகல் இருக்கும் அக்கா என்று அண்ணன் சொன்னதற்கு, “அங்கயும் தண்ணி வந்துட்டுன்னு சொல்லுதாவளே” என்றார்.

ஏரல் வரை போகலாம் என்று வேனில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அங்கே ஆற்றுப்பாலம் சேதமாகிவிட்டது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வண்டி போகாது என்று போலீஸார் சொன்னதால் மிச்சச் சாமானையும் கருங்குளம் பக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

டிசம்பர் 22, வெள்ளி. பாளையங்கோட்டை

இன்று டெல்லியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், டிசம்பர் 12ஆம் தேதியே இந்த நான்கு மாவட்டங்களுக்கு எச்சரிக்கை போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். சண்டை அடுத்த சுற்றுக்குப் போகிறது. எந்தத் தேதியில் எந்த நிறம் என்பதை இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். மேல் எல்லை இல்லாத சிவப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம். 21க்கு மேலே 40க்கு ஒன்று, 60க்கு ஒன்று என்று படி வைக்க முடியாவிட்டாலும், “இது இந்த ஊர் இதுவரை பார்த்த அளவைத் தாண்டலாம்” என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். பழைய அளவுகள் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன.

பெரியப்பா இன்று காலை பேப்பரில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, என் போனை வாங்கி வானிலை அறிக்கையையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். லேசான மழை, ஓரிரு இடங்களில். “எந்த எடம்னு போடலையா?” என்றார். போடவில்லை. “அப்ப இவனுக்கும் தெரியாது” என்றார்.

நாளை வைகுண்ட ஏகாதசி. இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு நிலவரம் இது: திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் கிடையாது, பாதை சீராகும்வரை இருக்காது. சாலையில் புதுக்குடி வரை நாங்கள் போனோம், ஆனால் பல இடங்களில் ஒற்றை வண்டிதான் போக முடியும், நிவாரண வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. கோயிலுக்கென்று காரில் வருபவர்கள் அந்த வரிசையை நீளமாக்குவார்கள். பொங்கல் கழித்து வாருங்கள். உதவி அனுப்ப நினைப்பவர்கள் பழைய துணி அனுப்ப வேண்டாம். சாலையோரம் ஏற்கெனவே குவிந்து நனைந்துகொண்டிருக்கிறது. பாய், போர்வை, புதுத் துண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, ஸ்டவ், பாத்திரம், பிளீச்சிங் பவுடர் தேவைப்படுகிறது. ஏரல், ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் பக்கம் சாமான் போய்ச் சேர்வது இன்னும் சிரமம் என்பதால் அங்கே போகிற குழு ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களிடம் முதலில் கொடுங்கள்.

எனக்கு இன்று இரவு ரயில். டிக்கெட் உறுதியாகிவிட்டது. பெரியம்மா சொதிக்கு இஞ்சித் துவையல் அரைத்துக்கொண்டிருக்கிறார், மிக்ஸியில்.